நரைக்குச் சவுரி இல்லை

சவுரியைச் சுகிர்தாவின் தலைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விசயம் விளங்கியது. அவள் கண்ணாடிக்கு முன்னால் கதிரையில் இருந்தாள். நான் பின்னால் நின்றேன். என் கையில் தொங்கிய பொய்முடி கன்னங்கரேலென்று கிடந்தது. அவளுடைய தலை முக்கால்வாசி வெள்ளை.

"வேற நிறம் இல்லையோ அக்கா?" என்று கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அலுமாரியைத் திறந்து கிளறினேன். இடுப்போடு நிற்பது, முழங்காலைத் தொடுவது, மெல்லியது, மொத்தமானது, எல்லாம் கறுப்பு. ஒன்று மட்டும் செம்பட்டை. அதுவும் கொடியில் வெயில் பட்டு வெளிறியது. பொம்பிளை வெளிக்கிடுத்துவதே, அதாவது மணப்பெண்ணைச் சோடிப்பதே, பிழைப்பாய் இருக்கிற என்னிடம் நரைத்த சவுரி ஒன்றுகூட இல்லை. எங்களுடைய தொழிலில் பொம்பிளை என்றால் கறுத்த தலை. அதை யாரும் சட்டமாகப் போடவில்லை, ஆனால் கடைக்காரனிலிருந்து கண்ணாடி வரைக்கும் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

போன கிழமை பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் மூக்குத்தி திருகப் பயந்து அழுத ஒரு சின்னப் பொம்பிளையைப் பற்றி எழுதியிருந்தேன். அவள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கழற்றி அதிக காலம் இல்லை. இந்தக் கிழமைப் பொம்பிளைக்கு ஐம்பத்தெட்டு வயது. முதற்கலியாணம்.

ஒரே பஸ்

சுகிர்தா சீனன்குடாப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து பென்சன் எடுத்தவள். தகப்பன் வேளைக்கே கண்ணை மூடிவிட்டார். தம்பியைப் படிப்பித்து, தங்கச்சி வதனியைக் கட்டிக் கொடுத்துக் கனடாவுக்கு அனுப்பி, படுக்கையில் கிடந்த தாயையும் பார்த்து முடிக்க அவளுடைய காலம் போய்விட்டது. இப்படி எத்தனை பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். 'பாவம், அவவுக்கு ஒண்டும் சரிவரேல்லை' என்று சொல்லிப்போட்டு நாங்கள் அடுத்த கதைக்குப் போய்விடுவோம்.

மாப்பிள்ளை பரமேஸ்வரன், பஞ்சுபோன்ற வெள்ளை மீசைக்காரர். துறைமுகத்துக்குள் கப்பல்களை இழுத்து வருகிற இழுவைப் படகில் வேலை செய்தவர். மனைவி செத்துப் பல வருசம், பிள்ளைகள் இல்லை. இருவரும் காலையில் ஒரே பஸ்ஸில் போனவர்கள். அவர் துறைமுகத்தடியில் இறங்குவார், அவள் தொடர்ந்து போவாள். அத்தனை வருசமும் 'இண்டைக்குக் காத்து', 'இண்டைக்கு வெக்கை' என்பதைத் தாண்டி ஒரு கதையும் இல்லையாம். வேலையால் நின்ற பிறகுதான், ஒரு நாள் மீன் சந்தையில் கண்டு, நின்று ஆறுதலாகக் கதைத்திருக்கிறார்கள்.

எனக்கு வாய் சும்மா கிடக்காது. இத்தனை காலம் இல்லாமல் இப்போது என்னத்துக்கு என்று நேராகவே கேட்டேன்.

"வேலையில இருக்கேக்க பின்னேரம் எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியேல்லை அக்கா. நிண்டாப் பிறகு அது சரியா நீண்டு போச்சு. ரேடியோ கதைக்கும், நாங்கள் திருப்பிக் கதைக்க ஏலாதே. அவரும் அப்பிடித்தான் சொன்னவர்."

அதைவிட நல்ல காரணத்தை நான் இருபது வயதுப் பொம்பிளை ஒருத்தியிடமும் கேட்டதில்லை.

பதிவுக் கந்தோரில் எழுத்தோடு முடித்திருக்கலாமே என்றும் கேட்டேன். ஊர் வாய்க்கு அவல் கொடுக்க மண்டபம் என்னத்துக்கு? அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாருடைய கலியாணத்திலும் தட்டம் தூக்கினவளாம் அவள். ஆராத்தி எடுக்க, பந்தி விசாரிக்க, பொம்பிளைக்குப் பின்னால் விசிறியோடு நிற்க, எல்லாவற்றுக்கும் சுகிர்தா. ஒரு தரம் தானும் மணவறையில் இருந்து கூறைச்சேலை வாங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆனால் டை அடிக்க மாட்டாளாம். பஸ்ஸில் அவர் கண்ட தலை இதுதானாம். அதோடு இன்னொன்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

"சனம் சிரிக்குமோ எண்டுதான் அக்கா பயம். சிரிச்சால் நான் எழும்பி வந்திடுவன். பிறகு எழுத்தும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆர் நரைக்கலாம்?

அந்தக் காலத்தில் பெண்கள் சீப்பால் தலை இழுக்கும்போது உதிர்கிற மயிரை எறிய மாட்டார்கள். சுருட்டிச் சேர்த்துவைத்து, பிறகு அதையே சவுரியாகக் கட்டுவார்கள். அப்படி யாராவது நரைமயிர் சேர்த்து வைத்திருந்தால் போதும், நான் கட்டிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டு தெரிந்தவர்களிடம் விசாரிக்க வெளிக்கிட்டேன்.

என்ன புதினம் பாருங்கள். திருகோணமலைப் பட்டினத்தில் என் வயதுக்காரிகள் ஒருத்திக்கும் நரை இல்லை. எல்லோரும் டை. அவரவருக்கு ஒவ்வொரு நியாயம் இருந்தது. அந்த நியாயங்களைக் கேட்கக் கேட்க, நான் சவுரியை மறந்து கதை சேர்க்கத் தொடங்கிவிட்டேன்.

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிறவள் என்னோடு படித்தவள். கிழமைக்குக் கிழமை முன்நெற்றியில் தடவிக்கொள்வாளாம். முன்னுக்கு நிற்கிறவர்களுக்கு நரைக்கக்கூடாது, பின்னுக்கு நிற்கிறவர்களுக்கு நரைக்கலாம் என்றாள். அவளோடு நின்ற இன்னொருத்திக்கு முடி வெளுத்த கையோடு படுக்கை விரிப்புகள் மடிக்கிற அறைக்கு மாற்றம் வந்ததாம். சம்பளம் அதேதான், வேலையும் சுகம்தான். ஆனால் கடல் தெரியாது.

அங்கே அப்படி. இங்கே எங்கள் ஒழுங்கையில் ஆயுர்வேதம் பார்க்கிற ஒரு பெடியன் இருக்கிறான். முறையாகப் படித்தவன், கைராசிக்காரன். அவன் ஒரு நாள் என்னிடம் ரகசியமாக வந்து, காதடியில் கொஞ்சம் நரைக்க வைக்க வழி இருக்கோ என்று கேட்டான். நான் பகிடி என்று நினைத்தேன். இல்லையாம். வாசலில் வருகிற சனம் அவனுடைய கறுத்த தலையைக் கண்டவுடன் 'ஐயா எப்ப வருவார்?' என்று கேட்கிறதாம். நானே ஐயா என்றால் நாளைக்கு வாறம் என்று போய்விடுகிறதாம். பார்வையில் குறை ஒன்றும் இல்லாமலே கண்ணாடி போட்டிருக்கிறான், பாவம்.

கொஞ்சம் பொறு தம்பி, அது கேளாமலே வரும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஐயருக்கு நரைத்தால் மதிப்பு. வைத்தியருக்கு நரைத்தால் கூட்டம். மேசையில் நிற்கிறவளுக்கு நரைத்தால் பின்னறை. ஒரே நரைதான், ஆள் பார்த்து வேலை செய்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கியபோது வீடுகளில் என்னைத் 'தங்கச்சி' என்றார்கள். பிறகு நெடுங்காலம் 'பவளக்கா'. ஒரு நாள் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பொம்பிளை, நல்ல சந்தோசமாக, 'அன்ரி, நெத்திச்சுட்டி கொஞ்சம் இறுக்குது' என்றாள். அவளில் பிழை இல்லை. ஆனால் அதே நேரம் அவளுடைய தாய் என்னுடைய தலையைப் பார்த்து, பிறகு என்னுடைய கையைப் பார்த்தா. ஊசி பிடித்த கை நடுங்குகிறதோ என்று பார்க்கிற பார்வை அது. அன்றைக்குப் பின்னேரமே கடைக்குப் போய் டைப் பெட்டி வாங்கினேன். இன்றைக்கும் பூசுகிறேன். ஊசியில் நூல் கோர்க்க மட்டும் கண்ணாடி தேவைப்படுகிறது. அதை ஒருவரும் காணாமல் குசினி அடுப்படியில் போய்ப் போட்டுக்கொள்வேன்.

கிண்ணியாவில் கேட்டது

கடைசியில் றஹீமாவிடம் போனேன். கிண்ணியாக்காரி, என்னுடைய பொம்பிளைகளுக்குச் சேலைச் சட்டை தைக்கிறவ. பாலம் வந்த பிறகு பஸ்ஸில் ஏறினால் அவவுடைய வாசலடியில் இறங்கலாம். தையல் மெசினின் சத்தம் வெளியிலேயே கேட்டது.

றஹீமா எப்போதும் தலையில் முக்காட்டோடு இருப்பா. அந்த முக்காட்டுக்குள் டை அடிக்காத நல்ல வெள்ளை முடி இருக்கும் என்பது என்னுடைய கணக்கு. கணக்குச் சரி. அவவே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டா, வெளியால தெரியாத தலைக்கு என்னத்துக்குச் செலவென்று. ஆனால் நான் வந்த காரியத்தைச் சொன்னதும் மெசினை நிறுத்திவிட்டா.

"முடியோட முடி சேக்கிற எங்கட மார்க்கத்தில கூடா புள்ள. குடுக்கவும் ஏலா. குறை நினைக்காதீங்க."

குறை நினைக்க என்ன இருக்கிறது? நான்தான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன் என்றேன். தேத்தண்ணி தந்தா. சுகிர்தாவின் சட்டை அளவைத் திரும்பப் பார்த்தா. அந்தப் புள்ளைக்கு இந்த வயதில் விடிந்திருக்கிறதே என்று மெய்யாகவே சந்தோசப்பட்டா. பிறகு துணியைப் பார்த்துக்கொண்டே ஒரு கதை சொன்னா.

"துணி கட்டையாப் போனா நாம என்ன செய்யிற? வேற ஒண்டில கரை வெச்சித் தைக்கிற. அதே துணிதான் வேணுமெண்டு நிண்டா உடுப்பு முடியுமா?"

திரும்பி வருகிற பஸ் பாலத்தில் ஏற, கீழே தண்ணீர் பளபளத்தது. எனக்கு முன் சீற்றில் இருந்த ஒருத்தி கொண்டையைச் சுற்றி மல்லிகைச்சரம் வைத்திருந்தா. என்னுடைய மரமண்டைக்கு அப்போதுதான் பட்டது. வெள்ளைக்கு வெள்ளைதானே சேரும்.

கலியாணம்

முகூர்த்தம் காலையில். சுகிர்தாவின் சொந்தமுடியைத் தோளுக்குக் கீழே முடிகிற வரை பின்னினேன். அந்த இடத்திலிருந்து வாழைநாரை மூன்றாகப் பிரித்து, மல்லிகைச் சரங்களை நெருக்கிச் சுற்றி, இடுப்பு வரை பின்னலை நீட்டினேன். எங்கே தலைமுடி நிற்கிறது, எங்கே பூ தொடங்குகிறது என்று எட்ட நின்றால் தெரியாது. இத்தனை வருசத் தொழிலில் என்னுடைய கை செய்த வேலைகளில் எனக்கே பிடித்தது அதுதான். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் செய்தேன். அன்றைக்குக் குசினிக்குள் ஓடவில்லை.

வதனி கனடாவிலிருந்து வந்து நின்றாள். அறைக்குள் வந்து தமக்கையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பின்னல் வடிவென்றாள். ஆனால் முன்தலை அப்படியே வெள்ளையாகக் கிடக்கிறதே, படத்தில் என்ன மாதிரி வரும் என்று முறுகினாள். கையில் சின்னத் தகர டப்பா ஒன்று. அமுக்கினால் கறுப்பாய் விசிறுமாம், கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடுமாம். தமக்கையில் உயிர் அவளுக்கு. ஊர் பகிடி பண்ணுவதைத் தாங்க மாட்டாள், அதுதான் விசயம்.

சுகிர்தா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் போனாள் வதனி.

எங்கள் கலியாணங்களில் பொம்பிளை மணவறைக்கு இரண்டு தரம் வருவாள். முதல் தரம் ஒரு சேலையோடு வந்து, மாப்பிள்ளையின் கையால் கூறையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதை உடுத்திக்கொண்டு திரும்ப வந்த பிறகுதான் தாலி. நடுவில் இருக்கிற அந்த நேரம் என்னுடையது. மேளகாரர் வாசித்துக்கொண்டே இருப்பார்கள், ஐயர் கதவைக் கதவைப் பார்ப்பார், நான் மடிப்பும் ஊசியுமாய் நிற்பேன்.

முதல் தரம் நான்தான் அவளைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். சனம் எட்டிப் பார்த்தது. சிரிப்பில்லை. என்ன வடிவு என்று ஒரு கிழவி சத்தமாகவே சொன்னா. எனக்குப் பாதி உயிர் வந்தது. மணவறைக்குக் கிட்டப் போனதும் சுகிர்தா நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் என் கைக்குள் இறுகின.

பரமேஸ்வரனின் தலையைத் தலைப்பாகை மூடியிருந்தது. ஆனால் மீசை! அந்தப் பஞ்சுபோன்ற வெள்ளை மீசை கரியாகக் கறுத்திருந்தது. புருவமும் அப்படியே. ஆள் பதினைந்து வயது இறங்கி, யாரோ ஒரு மைத்துனன் மாதிரி இருந்தார். பின்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்கும் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

கூறையை வாங்கினாள். உள்ளே வந்தாள். கதவைச் சாத்தியதும் கதிரையில் இருந்துவிட்டாள்.

"அவர் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் அக்கா. நான் அவரின்ர தாய் மாதிரி. நான் போக மாட்டன்."

வதனி அழத் தொடங்கிவிட்டாள். நான் சொன்னேன்தானே என்று அவள் சொல்லவில்லை, அதற்கு அவளைப் பாராட்ட வேண்டும். மேசையில் கிடந்த டப்பாவை எடுத்து என் கையில் வைத்தாள். சுகிர்தா அதைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அடிச்சு விடுங்கோ" என்றாள்.

என்ன செய்வேன்? நானே டை பூசுகிறவள். பூசாதே என்று இன்னொருத்திக்குச் சொல்ல எனக்கு வாயில்லை. ஒருபக்கம் மேளம், மறுபக்கம் ஐயரின் குரல். முதலில சேலையை உடுத்துவம் பிள்ளை, தலையைப் பிறகு பாப்பம் என்று சொல்லிக் கூறையை விரித்தேன். நேரம் இழுக்கத்தான் சொன்னேன். கொய்யக மடிப்புப் பிடிக்கும்போது என்னுடைய கை மெய்யாகவே நடுங்கியது. அவளுக்காக நடுங்கியது, வயதுக்கு இல்லை.

சேலை முடிந்தது. டப்பாவின் மூடியைக் கழற்றினேன். அப்போது மண்டபத்தில் மேளம் திடீரென்று நின்றது.

மணவறையில் இருந்த மாப்பிள்ளை தாலி கட்டாமல் எழும்பக்கூடாது. எங்கள் சனத்துக்கு அதைவிடப் பெரிய அபசகுனம் இல்லை. பரமேஸ்வரன் எழும்பிவிட்டார். ஐயர் கூப்பிடக் கூப்பிட, மாப்பிள்ளைத் தோழன் சால்வையைப் பிடித்து இழுக்க இழுக்க, நேரே நடந்து வந்து எங்களுடைய கதவடியில் நின்றார். அவருடைய குரல் கேட்டது. படகில் காற்றுக்கு மேலால் கதைத்துப் பழகிய குரல், மெதுவாய்க் கதைக்கத் தெரியாது. முழு மண்டபமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சுகிர்தா, நான் அடிக்கச் சொல்லேல்லை. சலூன் கதிரையில இருந்தபடி நித்திரையாப் போனன். முழிச்சுப் பாக்கிறன், மாப்பிள்ளையெண்டால் அடிக்கத்தானே வேணும் எண்டு பெடியன் சொல்லுறான். சவுக்காரம் போட்டு உரஞ்சினன், போகுதில்லை."

வதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவடிக்கு வந்தாள்.

"மீசையை வழிச்சுப்போட்டு வரட்டோ? கொஞ்சம் பொறுப்பீங்களோ?"

சுகிர்தா கண்ணைத் திறந்தாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் குனிந்தேன். சிரித்தாள். வாயைப் பொத்தவும் இல்லை, தலையைக் குனியவும் இல்லை. நெத்திச்சுட்டி ஆட ஆடச் சிரித்தாள். எத்தனையோ பொம்பிளைகளை அழ அழச் சோடித்து அனுப்பியிருக்கிறேன், ஒருத்தி இப்படிச் சிரித்துக் கண்டதில்லை. கதவுக்கு வெளியிலும் சனம் சிரிக்கத் தொடங்கியது. அவளைப் பார்த்து அல்ல, அவளோடு சேர்ந்து. அவருடைய சிரிப்பும் அதற்குள் கேட்டது.

பிறகு எழும்பி, கூறையின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கதவடிக்குப் போனாள். திறக்க முன்னம், அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"வழிக்க வேண்டாம். உது வெளிறத்தானே வேணும். நான் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டிருப்பன்."